கிணற்றுச் சென்சரும் கேர்னலும்: வாசிப்பில் நேரம் எங்கே போகிறது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் இறைப்புக்கு நம்பியிருப்பது கிணறுகளைத்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின்மேல் நன்னீராகத் தேங்கி நிற்கிறது. மோட்டரை அளவுக்கு மிஞ்சி ஓடவிட்டால் உவர் மேலேறிவிடும். கிணற்று நீரின் கடத்துதிறனையும் (உவர் கூடினால் கூடும், மின் கடத்தும் அளவு) வெப்பநிலையையும் நீர்மட்டத்தையும் அளந்து, உவர் ஏறத் தொடங்கும்போதே மோட்டரை நிறுத்தும் பெட்டி ஒன்றை ராஸ்பெரி பை போன்ற சிறிய லினக்ஸ் கணினியை வைத்துக் கட்டுவது இன்று பெரிய செலவான வேலையல்ல. கட்டியபின் முட்டிக்கொள்ளும் இடம் வேறு: எல்லாச் சென்சரையும் ஒரு சுற்று வாசித்து முடிக்கவே பல செக்கன்கள் போய்விடுகின்றன. உடனே கை போவது சென்சர்களைக் கணினியோடு இணைக்கும் ஐ2சி பஸ்ஸின் (இரண்டு கம்பிப் பொதுப்பாதையின்) வேகத்தைக் கூட்டுவதற்கு, அல்லது இன்னும் வேகமான பை ஒன்றை வாங்குவதற்கு. இரண்டாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. சென்சர் வாசிப்பில் புரொசெசர் வேலை செய்யும் நேரம் மிகக் குறைவு. மிச்சம் எல்லாம் காத்திருப்பு. யார் எதற்காகக் காத்திருக்கிறார், காத்திருக்கும்போது எந்தப் பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் மென்பொருள் ஏற்பாடு) பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்த்தால்தான் வழி பிறக்கும்.

ஒரு பெட்டியின் கணக்கு

பெட்டியில் இருப்பவை இவை என்று கொள்வோம். வெவ்வேறு ஆழங்களில் ஆறு டிஎஸ்18பி20 வெப்பச் சென்சர்கள், ஒரே வன்-வயர் கம்பியில் (பல சென்சர்கள் ஒரே தரவுக் கம்பியைப் பகிரும் முறை). வோல்ட்டளவை எண்ணாக்கும், நான்கு சானல் கொண்ட ஏடிஎஸ்1115 சிப் ஒன்று. அதில் கடத்துதிறன் புரோப், நீருக்குள் இறக்கிய அழுத்தச் சென்சர், மோட்டர் மின்னோட்டம், பட்டறி வோல்ட்டளவு. நீர்மட்டக் கணக்கில் வளியமுக்கத்தைக் கழிக்க நிழலில் ஒரு பிஎம்ஈ280 அமுக்கச் சென்சர் (1 ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் நீர்மட்டம் பிழைக்கும்). பெட்டிக்குள் ஈரம் கோர்க்கிறதா என்று பார்க்க ஓர் எஸ்எச்டி21 ஈரப்பதச் சென்சர்.

டிஎஸ்18பி20 12 பிட் துல்லியத்தில் ஓர் அளவெடுக்க 750 மில்லிசெக்கன் வரை எடுக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஆறையும் வாசித்தால் 4.5 செக்கன். ஏடிஎஸ்1115இன் நான்கு சானல்களுக்கு ஏறத்தாழ 69 மில்லிசெக்கன். எஸ்எச்டி21க்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்த்து அதிகபட்சம் 114. தானே தொடர்ந்து அளந்துகொண்டிருக்கும் முறையில் வைத்த பிஎம்ஈ280ஐ வாசிக்க மட்டும் 3க்கும் குறைவு. கம்பியில் தரவு நகரும் சில்லறை நேரங்களையும் கூட்டினால் சுற்று 4.8 செக்கன் வரும். ஐ2சி வேகத்தை 100இலிருந்து 400 கிலோஹேர்ட்ஸுக்கு ஏற்றினால் இதில் மிச்சமாவது ஒரு சில மில்லிசெக்கன்கள் மட்டுமே.

இந்த 4.8 செக்கனில் உண்மையாகவே வலிப்பது எது என்பதையும் கேட்க வேண்டும். கிணற்று நீரின் வெப்பநிலை ஒரு நிமிடத்தில் மாறிவிடப் போவதில்லை. மோட்டர் ஓடும்போது உடனுக்குடன் தெரியவேண்டியது கடத்துதிறன். அது ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2 வீதம் வெப்பநிலையோடு மாறும் என்பதால் வெப்பத் திருத்தம் தேவைதான். ஆனால் அரை நிமிடப் பழைய வெப்பநிலையே அதற்குத் தாராளம். அவசரமான சானல், அவசரமில்லாத ஆறு சென்சர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதுதான் இங்கே கோளாறு. நிரலை ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகளாகப் பிரித்து, வெப்பநிலையை ஆறுதலாக ஒன்றில் வாசித்து, கடத்துதிறனை மற்றதில் ஓடவிட்டால் பாதிப் பிரச்சினை லினக்ஸின் உட்கருவான கேர்னலைத் தொடாமலே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, சென்சரோடு பேசும் கேர்னல் பகுதியான ட்ரைவருக்குள் போகவேண்டும்.

முதலில் அளவெடுங்கள்

எந்த மாற்றத்துக்கும் முன் மூன்று மட்டங்களில் நேரத்தைப் பாருங்கள். எஸ்ட்ரேஸ் என்ற கருவியைப் பெரிய டி விருப்பத்துடன் ஓட்டினால் ஒவ்வொரு சிஸ்டம் கோலும் (நிரல் கேர்னலிடம் கேட்கும் வேலை) எடுத்த நேரம் வரும். இது நிரலின் பக்கத்துக் கணக்கு. அடுத்தது கேர்னலின் ட்ரேசிங் அடைவு. அதன் ஈவென்ட்ஸ் பகுதியில் ஐ2சி என்ற துணை அடைவு இருக்கும். அங்குள்ள எனேபிள் கோப்பில் 1 எழுதினால் ஒவ்வொரு ஐ2சி பரிமாற்றமும் நேரமுத்திரையுடன் பதிவாகும். மூன்றாவது, ஐ2சியின் தரவுக் கம்பி எஸ்டிஏ, கடிகாரக் கம்பி எஸ்சிஎல் இரண்டிலும் கொழுவிய ஒரு மலிவான லொஜிக் அனலைசர் (கம்பியின் சைகைகளைப் பதியும் கருவி).

பதிவை வாசிக்கும் முறை இது. பரிமாற்றம் தொடங்கி முடியும் இடைவெளி நீளமாக இருந்தால் பஸ் மெதுவாக இருக்கிறது, அல்லது சென்சர் எஸ்சிஎல்லைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறது. பரிமாற்றங்கள் குறுகியவையாய், அவற்றுக்கிடையிலான வெளி நீளமாய் இருந்தால் ட்ரைவர் தூங்குகிறது. ட்ரேஸில் எல்லாம் சீக்கிரம் முடிந்தும் எஸ்ட்ரேஸில் நேரம் நீண்டால், பெரும்பாலும் யாரோ ஒரு மியூட்டெக்ஸ் பூட்டுக்காகக் காத்திருக்கிறார்.

எட்டுப் பைட்டு ஒரே மூச்சில்

ஐ2சியில் ஒவ்வொரு பைட்டுக்கும் 9 துடிப்புகள்: எட்டு பிட், ஓர் ஒப்புதல். ஒரு ரெஜிஸ்டரை (சிப்புக்குள் உள்ள, எண் போட்ட சேமிப்பிடம்) வாசிக்க முகவரி, ரெஜிஸ்டர் எண், மீண்டும் முகவரி என்று 3 பைட்டுச் செலவு முன்கூட்டியே போகிறது, பிறகுதான் தரவு. தொடக்க, நிறுத்தச் சைகைகளுடன் ஒரு பைட்டுக்கு 39 துடிப்பு, எட்டுப் பைட்டை ஒரே தொடராக வாசித்தால் 102 துடிப்பு. அதே எட்டைத் தனித்தனியாக வாசித்தால் 312. 100 கிலோஹேர்ட்ஸில் இது 1 மில்லிசெக்கனுக்கும் 3.1 மில்லிசெக்கனுக்கும் உள்ள வித்தியாசம்.

நேரத்தைவிடப் பெரிய காரணம் சரித்தன்மை. பிஎம்ஈ280இன் அளவுகள் 247 முதல் 254 வரையான எட்டு ரெஜிஸ்டர்களில் இருக்கின்றன: அமுக்கத்துக்கு மூன்று, வெப்பநிலைக்கு மூன்று, ஈரப்பதத்துக்கு இரண்டு. தனித்தனியாக வாசிக்கும்போது நடுவில் புதிய அளவெடுப்பு முடிந்தால் மேல் பைட்டு பழையதாகவும் கீழ்ப் பைட்டு புதியதாகவும் வந்து கலந்துவிடும். தொடராக வாசிக்கும்படி டேட்டாஷீட் வற்புறுத்துவது இதற்காகத்தான். எப்போதாவது ஒருமுறை வரைபடத்தில் தலைநீட்டும் காரணமற்ற முள்ளுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

லினக்ஸ் ட்ரைவர் ஒவ்வோர் அளவையும் தொடராகத்தான் வாசிக்கிறது. ஆனால் ட்ரைவர் அளவுகளைக் காட்டும் சிஸ்எப்எஸ் கோப்புகள் மூன்றையும் தனித்தனியே திறந்தால் இன்னொரு செலவு வருகிறது. அமுக்கத்துக்கும் ஈரப்பதத்துக்கும் திருத்தக் கணக்கில் வெப்பநிலை தேவை. ஆகவே ஒவ்வொரு முறையும் ட்ரைவர் வெப்பநிலையையும் கூடவே வாசிக்கிறது. மூன்று கோப்புக்கு ஐந்து வாசிப்பு, 276 துடிப்பு. அமுக்கத்துக்குப் பயன்பட்ட வெப்பநிலையும் ஈரப்பதத்துக்குப் பயன்பட்டதும் வேறு வேறு கணத்துக்குரியவை. மூன்றும் ஒரே கணத்துக்குரியவையாக வேண்டுமானால் சிஸ்எப்எஸ்ஸை விட்டு ஐஐஓ பஃபருக்குப் (கேர்னலின் சென்சர் பகுதி அளவுகளைக் கட்டாகச் சேர்த்துத் தரும் இடம்) போவதே முறை.

சொந்தமாக ட்ரைவர் எழுதுவோர், ரெஜிஸ்டர்களைக் கையாளும் கேர்னல் நூலகமான ரெக்மேப்பைப் பயன்படுத்துங்கள். அமைப்பு ரெஜிஸ்டர்களை அது தற்காலிக நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சென்சரைத் திரும்ப வாசிக்கத் தேவையில்லை. அளவு ரெஜிஸ்டர்களை மட்டும் மாறக்கூடியவை என்று அறிவிக்க மறக்கக்கூடாது. மறந்தால் முதல் வாசிப்பே நாள்முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பார்வைக்கு அற்புத வேகம், ஆனால் அளவு செத்துவிட்டது.

தூக்கத்தின் நீளம்

அளவெடுக்கச் சொல்லிவிட்டு முடியும்வரை ட்ரைவர் எப்படிக் காத்திருக்கிறது என்பது தனி விஷயம். எம்டிலே என்று எழுதினால் புரொசெசர் சும்மா சுழன்று மற்ற வேலைகளையும் நிறுத்தும். எம்ஸ்லீப் தூங்கும், ஆனால் ஜிஃபி (கேர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) கணக்கில் தூங்கும். செக்கனுக்கு எத்தனை ஜிஃபி என்ற, கேர்னலின் எச்செட் மதிப்பு 100 என்றால் ஒரு ஜிஃபி 10 மில்லிசெக்கன். எம்ஸ்லீப்புக்கு 1 கொடுத்தாலும் 20 வரை போய்விடலாம். 9.3 மில்லிசெக்கனில் முடியும் பிஎம்ஈ280 அளவுக்கு எம்ஸ்லீப்பில் 10 கொடுத்தால் இரண்டு மடங்குவரை நேரம் போகலாம். இந்த அளவுகளுக்கு யூஸ்லீப்-ரேஞ்ச் பொருத்தம். எதைத் தெரிவதென்று யோசிக்க விரும்பாவிட்டால் 2020இல் வந்த எஃப்ஸ்லீப் தானே தெரிந்துகொள்ளும்.

9.3 என்பது மூன்று அளவுக்கும் ஓவர்சாம்பிளிங் (ஓர் அளவுக்கு எத்தனை மாதிரி என்பது) 1 வைக்கும்போது. மூன்றுக்கும் 16 வைத்தால் 112.8 மில்லிசெக்கன். ஓவர்சாம்பிளிங்கை மாற்றும் ட்ரைவர் காத்திருப்பையும் கூடவே கணக்கிட்டு மாற்றவேண்டும். நிலையான ஓர் எண்ணை எழுதிவைத்தால் ஒருபக்கம் நேரம் வீண், மறுபக்கம் முடியாத அளவு.

ஏடிஎஸ்1115 ட்ரைவர் இதை ஒழுங்காகச் செய்கிறது. சானல் மாறும்போது பழைய வேகத்தில் ஓர் அளவு, புதிய வேகத்தில் ஓர் அளவு, அதற்குமேல் சிப்பின் உள்கடிகாரப் பிழைக்காகப் பத்து வீதம் என்று காத்திருக்கிறது. செக்கனுக்கு 128 மாதிரி என்ற வழமை வேகத்தில் அது 17.2 மில்லிசெக்கன். 860க்கு ஏற்றினால் 2.6. சானல் மாறாவிட்டால் காத்திருப்பே இல்லை. ஆகவே நான்கு சானலையும் மாறி மாறிச் சுற்றுவதைவிட, கடத்துதிறன் சானலை அடிக்கடியும் பட்டறியை நிமிடத்துக்கு ஒருமுறையும் வாசிப்பது இரட்டிப்பு நன்மை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாறாத சானலை சிப்பின் வேகத்தைவிட விரைவாக வாசித்தால் பழைய அளவே மீண்டும் வரும், அதைப் புதிய மாதிரி என்று எண்ணிச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரிக்குப் பொருள் இல்லை.

பூட்டைப் பிடித்தபடி காத்திருப்பது

காத்திருப்பு தவிர்க்க முடியாதது. பிறரையும் காத்திருக்க வைப்பதுதான் தவிர்க்க வேண்டியது. எஸ்எச்டி21க்கு இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு. ஒன்றில் சென்சர் அளவெடுத்து முடியும்வரை எஸ்சிஎல் கம்பியைத் தாழ்த்திப் பிடித்துவைக்கும். மற்றதில் பஸ்ஸை விட்டுவிட்டு, தயாரா என்று பிறகு கேட்கச் சொல்லும். லினக்ஸ் ட்ரைவர் பயன்படுத்துவது முதல் வகையை. 14 பிட் வெப்பநிலைக்கு 85, 12 பிட் ஈரப்பதத்துக்கு 29 என்று அந்த 114 மில்லிசெக்கனும் பஸ்ஸே முடங்கிக் கிடக்கிறது. அதே பஸ்ஸிலுள்ள ஏடிஎஸ்1115உம் வாய்பொத்தி நிற்கவேண்டும். இரண்டு இழைகளாகப் பிரித்தும் கடத்துதிறன் இடையிடையே தடுமாறினால் முதலில் இதைப் பாருங்கள். போதாக்குறைக்கு, ராஸ்பெரி பை 3 வரையான பலகைகளின் ஐ2சி வன்பொருளில் இந்தக் கம்பி பிடித்தலைச் சரியாகக் கையாளாத பழைய குறை ஒன்று உண்டு. பிழையான பைட்டுகள் வரும். எஸ்எச்டி21ஐத் தனிப் பஸ்ஸில் போடுங்கள், அல்லது பிஎம்ஈ280இன் ஈரப்பதத்தோடு சமாளியுங்கள்.

வன்-வயர் ட்ரைவரில் இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம் இருக்கிறது. டிஎஸ்18பி20க்கு மூன்றாவது கம்பியில் தனி மின் கொடுத்திருந்தால், அளவெடுக்கும் 750 மில்லிசெக்கனிலும் ட்ரைவர் பஸ் பூட்டை விட்டுவிட்டுத்தான் தூங்குகிறது. தரவுக் கம்பியிலிருந்தே மின் எடுக்கும் இரண்டு கம்பி முறையில் அப்படி விடமுடியாது. அளவு முடியும்வரை கம்பியில் மின் நிற்கவேண்டும். கேபிளில் ஒரு கம்பியை மிச்சம் பிடிப்பதால் போவது இந்த வசதி.

ஆறையும் ஒன்றாக அளவெடுக்க வைக்கும் வழி 2020இல் கேர்னலுக்குள் வந்தது. வன்-வயர் மாஸ்டரின் அடைவில் தேர்ம்-பல்க்-ரீட் என்ற கோப்பு இருக்கும். அதில் ட்ரிகர் என்ற சொல்லை எழுதினால் எல்லாச் சென்சரும் ஒரே நேரத்தில் தொடங்கும். அதே கோப்பை வாசித்தால் நிலை தெரியும்: -1 என்றால் இன்னும் நடக்கிறது, 1 என்றால் முடிந்து வாசிப்புக்குக் காத்திருக்கிறது, 0 என்றால் எதுவும் நிலுவையில் இல்லை. 1 வந்தபின் ஒவ்வொன்றின் வெப்பநிலைக் கோப்பையும் வாசிக்கலாம். 4.5 செக்கன் ஒரு செக்கனுக்குள் வந்துவிடும். இதற்கும் மூன்று கம்பி இருப்பதே நல்லது.

துல்லியத்தைக் குறைத்தும் நேரத்தைக் குறைக்கலாம்: 10 பிட்டில் 187.5 மில்லிசெக்கன், ஆனால் படி 0.25 பாகை. நன்னீருக்கும் உவருக்கும் இடையிலான சிறிய வெப்ப வித்தியாசத்தைப் பார்க்கும் கிணற்றுக்கு 12 பிட்டின் 0.0625 பாகைப் படியை விட்டுக்கொடுக்காதீர்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால், ரெசொலூஷன் கோப்பில் எழுதுவது சென்சரின் தற்காலிக நினைவுக்கு மட்டுமே போகும். கரண்ட் போய் வந்தால் பழைய மதிப்பு திரும்பிவிடும்; நிலைக்கவேண்டுமானால் நிரந்தர நினைவான ஈப்ரொம்முக்குரிய கட்டளைக் கோப்பில் சேவ் என்று ஒருமுறை எழுதவேண்டும்.

சரியாக 85 பாகை வந்தால் அது கிணற்றின் வெப்பநிலை அல்ல. மின் வந்தவுடன் சென்சர் காட்டும் ஆரம்ப மதிப்பு அது. அளவெடுப்பு முடியவில்லை, அல்லது நடுவில் மின் தளர்ந்தது என்று பொருள்.

சேமித்த மதிப்பும் முதல் ஐந்து நிமிடமும்

பல எச்டபிள்யூமொன் (வன்பொருள் கண்காணிப்பு) ட்ரைவர்கள் கடைசி அளவைச் சேமித்துவைத்து, குறித்த நேரத்துக்குள் மீண்டும் கேட்டால் அதையே கொடுக்கும். எஸ்எச்டி21 ட்ரைவர் அரைச் செக்கனுக்கு ஒருமுறைதான் சென்சரைத் தொடும். அடிக்கடி அளந்தால் சிப் தானே சூடாகிப் பிழைக்கும் என்பதால் செக்கனுக்கு இரண்டு அளவுக்கு மேல் வேண்டாம் என்று உற்பத்தியாளர் சொல்லியிருக்கிறார். இத்தகைய சேமிப்பு நல்லது. பூட்டுக்காகக் காத்திருந்தவர் பூட்டுக் கிடைத்தபின் நேரத்தை மீண்டும் சரிபார்த்தால், ஒருவர் எடுத்த அளவைப் பத்துப் பேரும் பகிரலாம்.

கெடும் இடங்கள் இரண்டு. வாசிப்பு பிழைத்தபோது பழைய மதிப்பையே செல்லுபடியானது என்று விட்டுவிடுவது ஒன்று. மற்றது நுணுக்கமானது. கேர்னலின் ஜிஃபீஸ் எண்ணி பூச்சியத்தில் தொடங்குவதில்லை. சுழன்று பூச்சியத்தைக் கடக்கும்போது வெளிப்படும் பிழைகள் சீக்கிரமே பிடிபடட்டும் என்று, பூச்சியத்துக்கு 300 செக்கன் முன்னால் தொடங்குகிறது. 32 பிட் கேர்னலில், செல்லுபடிக் கொடி இல்லாமல் கடைசி நேரத்தைப் பூச்சியமாக விட்ட ட்ரைவர், முதல் ஐந்து நிமிடமும் சென்சரை ஒருமுறைகூடத் தொடாமல் வெறும் பூச்சியத்தையே கொடுக்கும். கரண்ட் வந்ததும் பெட்டியும் மோட்டரும் ஒன்றாக எழும் தோட்டத்தில் அந்த ஐந்து நிமிடம் சாதாரணமானதல்ல. செல்லுபடிக் கொடி ஒன்றை வையுங்கள். நேரத்தை எப்போதும் டைம்-ஆஃப்டர் மாக்ரோவால் ஒப்பிடுங்கள்.

பஃபரும் கேபிளும்

கடத்துதிறன் புரோப்பில் 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சல் ஏறும், மோட்டர் பக்கத்திலேயே இருப்பதால் தாராளமாகவே ஏறும். 860 மாதிரி வேகத்தில் 17 மாதிரிகள் 19.8 மில்லிசெக்கன், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு மின்சுழற்சி. பதினேழு பதினேழாகச் சராசரி எடுத்தால் இரைச்சலின் பெரும்பகுதி கழன்றுவிடும். இந்த வேகத்துக்குக் கோப்பைத் திறந்து, வாசித்து, மூடுவது ஒத்துவராது. கேர்னலை அமைக்க உதவும் கொன்பிக்எப்எஸ் அடைவில் எச்ஆர்டைமர் ட்ரிகர் (குறித்த இடைவெளியில் வாசிப்பைத் தூண்டும் டைமர்) ஒன்றை உருவாக்கி, அதைச் சாதனத்துடன் இணைத்து, ஐஐஓ பஃபரை இயக்கி, வோட்டர்மார்க்கை (எத்தனை மாதிரி சேர்ந்ததும் நிரலை எழுப்புவது என்ற எண்) 17 என்று வைத்தால் நிரல் செக்கனுக்கு ஐம்பது முறை எழுந்து ஒவ்வொரு கட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

பஸ் வேகம் உண்மையிலேயே பயன்படும் இடமும் இதுதான். ஒரு மாதிரிக்கு 48 துடிப்பு. 100 கிலோஹேர்ட்ஸில் செக்கனுக்கு 860 மாதிரி என்றால் பஸ்ஸின் 41 வீத நேரம் இதற்கே போகும். 400இல் பத்து வீதமளவுதான். இரண்டு எச்சரிக்கைகள். டைமரும் சிப்பின் கடிகாரமும் ஒன்றையொன்று அறியாதவை, சிப் பத்து வீதம்வரை விலகலாம். சில மாதிரிகள் இரட்டிக்கும், சில தவறும். அடுத்தது, இந்த ட்ரைவரின் பஃபர் ஒரு நேரத்தில் ஒரு சானலை மட்டுமே ஏற்கும். அது ஓடும்போது மற்றச் சானல்களின் கோப்பை வாசித்தால் வேலையாக இருக்கிறது என்ற பிழைதான் வரும். கடத்துதிறனுக்கென்று இரண்டாவது ஏடிஎஸ்1115 போடுவது மிகச் சுத்தமான வழி. ஒரே பஸ்ஸில் நான்குவரை முகவரி கொடுக்கலாம்.

400க்கு ஏற்றுமுன் கேபிளைப் பாருங்கள். அந்த வேகத்தில் சைகை உயர 300 நானோசெக்கனுக்கு மேல் எடுக்கக்கூடாது. ராஸ்பெரி பையின் உள்ளிருக்கும் 1.8 கிலோஓம் தடைகளோடு ஏறத்தாழ 197 பிக்கோபரட் கொள்ளளவம்வரை இது சரிவரும். சாதாரண நெட்வேர்க் கேபிள் மீற்றருக்கு ஏறத்தாழ 50 பிக்கோபரட். நான்கு மீற்றருக்குள்ளேயே முடிந்துபோகும். ஐ2சியைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். சிப்பைப் பெட்டியில் வைத்து, வன்-வயரை அல்லது நீளக் கேபிளுக்கு ஏற்ற ஆர்எஸ்485ஐ மட்டும் கீழே அனுப்புங்கள்.

எல்லாம் மாற்றியபின் ஒரு சோதனை பாக்கி. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சென்சராகக் கழற்றிப் பாருங்கள். சரியான ட்ரைவர் உடனே பிழைக் குறியீட்டைத் திருப்பும், மற்றச் சென்சர்களின் வாசிப்பு அதே வேகத்தில் தொடரும், நிரல் மோட்டரை நிறுத்தும். கழற்றிய சென்சரிலிருந்து அழகான எண் ஒன்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அந்தப் பெட்டியை மோட்டர் சுவிட்சுடன் இன்னும் இணைக்காதீர்கள்.